பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளும் குடல் நுண்ணுயிர்களும்

பாலில் இருக்கும் சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். சிறுகுடலின் உட்சுவரில் உள்ள லாக்டேஸ் நொதி அதைக் குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் பிரித்த பிறகே உடல் ஏற்றுக்கொள்ளும். நொதி போதாதபோது லாக்டோஸ் தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்க, ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. குழந்தைக்கு வயிறு உப்புகிறது, இரைகிறது, வலிக்கிறது, தண்ணீராகப் போகிறது. அந்த ஹைட்ரஜனில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து மூச்சோடு வெளிவருவதால், மூச்சுக்காற்றைச் சோதித்தே இந்தக் குறையைக் கண்டறியலாம். பால் புரதத்தால் வரும் அலர்ஜி வேறு. அதில் நோய் எதிர்ப்பு மண்டலமே கிளர்ந்தெழுவதால், சிறிதளவு பாலும் ஆபத்தாகலாம்.

பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாமை மிக அரிது. பால்குடி மறந்த சில ஆண்டுகளில் நொதி படிப்படியாகக் குறைவதுதான் உலகின் பெரும்பாலோருக்கு இயல்பு; வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களிடம் இது கூடுதல். இதை நோய் என்பது பொருந்தாது. கைக்குழந்தைகளிடம் அடிக்கடி காண்பது இன்னொரு வகை. ரோட்டா வைரஸ் போன்ற தொற்று சிறுகுடல் உட்சுவரிலுள்ள குடலுறிஞ்சிகளைச் சிதைத்துவிட, நொதி தற்காலிகமாகக் குறைகிறது. பெரும்பாலும் சில வாரங்களில் குடல் தேறிவிடும். அதற்குள் பயந்து தாய்ப்பாலை நிறுத்துவது குழந்தைக்குச் செய்யும் பெருங்கேடு.

நொதி ஒரே அளவில் குறைந்த இருவர் ஒரே அளவு பால் குடித்தாலும் ஒருவருக்கு மட்டும் வயிறு கெடுவதுண்டு. காரணத்தின் ஒரு பகுதி பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடம் இருக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் மிகுந்திருக்கும் பைஃபிடோபாக்டீரியா, லாக்டோஸை உண்டாலும் ஹைட்ரஜனை வெளியிடுவதில்லை. நொதி குறைந்தும் பால் குடித்துவரும் பெரியவர்களிடம் இவை கூடுதலாக இருப்பதை ஐரோப்பிய ஆய்வுகள் கண்டுள்ளன. லாக்டோஸை நாள்தோறும் கொடுத்துவந்தால் மூச்சில் ஹைட்ரஜன் குறைவதை 1996-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதுவும் பெரியவர்களிடம் நடந்ததே. அதை வைத்துக் குழந்தைகளுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய மருந்துகளைத் தாமாக வாங்கிக் கொடுப்பது அவசரம்.

உறுதியாகத் தெரிந்த துணை தயிர். புளிக்கும்போதே லாக்டோஸ் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. தயிரிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸைப் பிரிக்கும் நொதியையும் குடலுக்குள் கொண்டுவருகின்றன. உயிருள்ள பாக்டீரியா கொண்ட யோகர்ட் லாக்டோஸ் செரிக்க உதவுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஏற்றது. பாலையும் அறவே விலக்கத் தேவையில்லை. பெரிய குழந்தைகள் பலருக்கு, சாப்பாட்டோடு சேர்த்துக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளும். தயிரைச் சூடாக்காமல் கொடுக்க வேண்டும். கொதித்த மோர்க்குழம்பில் அந்த பாக்டீரியாக்கள் உயிரோடு மிஞ்சுவதில்லை.