கையெழுத்தா? அச்சு எழுத்தா?

கடையின் வாசலில் ஒரு பெயர்ப் பலகை. தூரிகையை மையில் தோய்த்து, யாரோ ஒரே மூச்சில் எழுதியது போல இருக்கிறது. ஆனால் அது யாரும் அங்கே எழுதியது அல்ல. அச்சு எழுத்து!

பிரான்சு நாட்டின் கடைத் தெருக்களில் இதை இன்றும் பார்க்கலாம். இந்த எழுத்தின் பெயர் 'மிஸ்ட்ரல்'. தென் பிரான்சில், வடக்கே இருந்து வேகமாக வீசும் குளிர் காற்றின் பெயர் அது.

சட்டம் படித்தவர்

இதை உருவாக்கியவர் ரோஜர் எக்ஸ்கோபான். 1910-ம் ஆண்டு மார்சேல் நகரில் பிறந்தார். முதலில் சட்டம் படித்தார். ஓவிய ஆசை அவரைப் பாரிசுக்கு இழுத்துச் சென்றது. பிறகு, மார்சேலில் இருந்த 'ஓலிவ்' என்ற அச்சு எழுத்து வார்க்கும் நிறுவனத்துக்கு எழுத்துக்கள் வரைந்து கொடுத்தார்.

அந்தக் காலத்தில் விளம்பர நோட்டீசில் கையெழுத்து வேண்டும் என்றால், ஓவியரைக் கூப்பிட வேண்டும். அவர் எழுதியதை 'பிளாக்' செய்ய வேண்டும். செலவும் ஆகும், நாளும் ஆகும். சின்னக் கடைக்காரருக்குக் கட்டுமா?

கையெழுத்தையே ஈயத்தில் வார்த்து விட்டால்? எக்ஸ்கோபான் தன் சொந்தக் கையெழுத்தையே மாதிரியாக எடுத்துக்கொண்டார். 1953-ல் மிஸ்ட்ரல் வெளிவந்தது.

ஒட்டியது எப்படி?

சொல்வது சுலபம். செய்வது கஷ்டம். ஈய அச்சில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனித் துண்டு. கூட்டெழுத்திலோ, ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொட வேண்டும். 26 எழுத்துக்களில் எதன் பக்கத்தில் எது வந்தாலும் கோடு விட்டுப் போகக் கூடாது!

அதற்காக, வால் முடியும் இடமும் அடுத்த எழுத்து தொடங்கும் இடமும் பொருந்தும்படி வரைந்தார். அதே நேரத்தில் எழுத்துக்களை ஏற்ற இறக்கமாக அமைத்தார். கோடுகளின் ஓரத்தில் தூரிகையின் சொரசொரப்பையும் விட்டு வைத்தார். அதனால்தான் அச்சு என்று தெரிவதில்லை.

எங்கே பொருந்தும்?

கடைப் பெயர், விளம்பரம், அழைப்பிதழ், சினிமாத் தலைப்பு ஆகியவற்றுக்கு இது ஏற்றது. 2011-ல் வந்த 'டிரைவ்' என்ற ஹாலிவுட் படத்தின் பெயரை இளஞ்சிவப்பு நிறத்தில் இந்த எழுத்தில்தான் காட்டினார்கள்.

இரண்டு மூன்று சொற்களைப் பெரிதாகப் போட்டால் அழகு. பக்கம் பக்கமாகப் போட்டால் கண் வலிக்கும். முழுவதும் பெரிய எழுத்திலேயே போட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டாது, படிக்கவும் வராது. மருந்துச் சீட்டு, எச்சரிக்கைப் பலகை போன்றவற்றுக்கு இது ஆகவே ஆகாது. அங்கே அழகை விடத் தெளிவுதான் முக்கியம்.

கண்டுபிடிக்க ஒரு வழி

ஒரே எழுத்து இரண்டு முறை வரும் சொல்லை உற்றுப் பாருங்கள். இரண்டும் அச்சாக ஒன்று போல இருந்தால், அது அச்சு எழுத்து. மனிதன் கையால் எழுதினால் இரண்டும் ஒன்று போல அமையாது.

எக்ஸ்கோபான் 1983-ல் காலமானார். இப்பொழுது மிஸ்ட்ரல் கம்ப்யூட்டரிலும் கிடைக்கிறது. ஓவியருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவரும் தன் கடைப் பெயரை அந்த ஓவியரின் கையெழுத்தில் போட்டுக்கொள்கிறார்!