சிறு பெட்டிகள் காணும் பேருலகம்

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பார்கள். இம்மொழி விண்வெளிக்கும் பொருந்துகின்றது.

துணைக்கோள் என்றதும் டன் கணக்கில் எடையுள்ள பேரியந்திரமே நம் நினைவுக்கு வரும். ஆனால் 1999ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பேராசிரியர் இருவர், பத்துச் செண்டிமீட்டர் அளவுள்ள கனசதுரப் பெட்டியே மாணாக்கர் துணைக்கோளுக்குப் போதுமென வகுத்தனர். ராக்கெட்டில் எஞ்சிய இடத்தில் இவை பயணம் செய்வதால் செலவும் சுருங்கியது.

2017 பிப்ரவரி 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நமது ராக்கெட் ஒன்று 104 துணைக்கோள்களைச் சுமந்து சென்றது. அவற்றுள் 88, புறா என்னும் பொருள்படப் பெயரிடப்பெற்ற அமெரிக்கச் சிறு கலங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து கிலோ எடை. தனியொரு பெருங்கலம் ஓரிடத்திற்கு மீண்டும் வரப் பல நாட்கள் ஆகும். இக்கூட்டமோ நிலப்பரப்பை நாள்தோறும் படமெடுக்க வழி செய்தது. மேகம் மறைக்காவிடில், வெள்ளம் சூழ்ந்த வயலும், வற்றும் ஏரியும், அழியும் காடும் உடனுக்குடன் புலப்படும்.

2018இல் மார்கோ என்னும் இரு சிறு கலங்கள் செவ்வாய்க்கே சென்றன. நவம்பர் 26 அன்று இன்சைட் கலம் அங்கு இறங்கிய செய்தியை அவையே பூமிக்கு அஞ்சல் செய்தன. ஒன்று செவ்வாயைப் படமும் பிடித்தது. சில வாரங்களில் அவற்றின் குரல் ஓய்ந்தது.

ஆயுள் குறைவு; கண்ணாடி சிறிதாதலால் நுண்மையும் குறைவு. ஆகவே பெருங்கலங்களின் தேவை நீங்கவில்லை. எனினும், 2016 செப்டம்பரில் சென்னைச் சத்தியபாமா பல்கலைக்கழக மாணவர்களின் ஒன்றரைக் கிலோ கலம், புவியை வெப்பமாக்கும் வாயுக்களை அளக்க விண்ணேறியது. நம் இல்லத்துச் சிறுவர் சிறுமியர் வானை அண்ணாந்து பார்ப்பதோடு நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?