அப்பத்தாவோட கொல்லிமலை போறீங்களா? 70 வளைவுக்கு முன்னாடி நாமக்கல்ல ஒரு நாள் தங்குங்க!

"நீங்கல்லாம் போயிட்டு வாங்க கண்ணு, நான் வண்டியிலயே உக்காந்திருக்கேன்."

வயசானவங்களைக் கூட்டிக்கிட்டு டூர் போன எல்லா வீட்டுலயும் இந்த வசனம் வந்திருக்கும். நாமளும் "சரி, பத்திரமா இருங்க"னு சொல்லிட்டு அருவியைப் பார்க்க ஓடியிருப்போம். ரெண்டு மணி நேரம் கழிச்சு ஈரத் தலையோட திரும்பி வந்தா, கார் கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டு அவங்க அப்படியே உக்காந்திருப்பாங்க. தண்ணியும் குடிச்சிருக்க மாட்டாங்க. குடிச்சா பாத்ரூம் தேடணுமே!

கொல்லிமலையில இது இன்னும் அதிகமா நடக்கும். காரணம், அந்த மலையோட அமைப்பு. அடிவாரம் காரவள்ளியில ஆரம்பிச்சு மேல போற பாதையில 70 கொண்டை ஊசி வளைவுகள். மேல போனதும் எல்லாரும் முதல்ல கேக்குற ஆகாய கங்கை அருவிக்கு, ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். காலையில அஞ்சு மணிக்கு வீட்டுல கிளம்பி, வளைவுகள்ல வயிறு கலங்கி, அரை மயக்கத்துல அருவி வாசல்ல வந்து நிக்கிற 70 வயசு மனுஷி வேற என்ன சொல்லுவாங்க?

அதனால பிளானையே கொஞ்சம் மாத்திப் போடலாம். கப்பல்ல டூர் போறவங்க கப்பல் கிளம்புற அன்னிக்குக் காலையில அரக்கப்பரக்க துறைமுகத்துக்கு ஓட மாட்டாங்க. முதல் நாளே அந்த ஊருக்குப் போய், ரூம் போட்டு, ஊரை மெதுவா சுத்திப் பார்த்துட்டு, நல்லா தூங்கி எழுந்து கப்பல் ஏறுவாங்க. கொல்லிமலைக்கும் அதே ஃபார்முலாதான். நம்ம துறைமுகம், நாமக்கல்.

சும்மா ஒப்பிடலைங்க, நிஜமாவே இந்த ஊருக்கு அப்படி ஒரு கதை இருக்கு. கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச் 17-ம் தேதி சென்னையில இருந்து நெவாசா கப்பல்ல இங்கிலாந்து கிளம்பினார். கடல் தாண்டுறது அந்தக் காலத்துல ஆசாரக் குடும்பங்களுக்குப் பெரிய விஷயம். அவங்க குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். கிளம்புறதுக்கு முன்னாடி இங்க வந்து, மூணு ராத்திரி கோயில்லயே தங்கி, தாயாரோட உத்தரவு கிடைச்ச பிறகுதான் அவர் சம்மதிச்சார்னு அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினவங்க சொல்றாங்க. உங்க தாத்தாவுக்கு இந்தக் கதையைச் சொல்லிட்டு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவர் பதிலுக்கு நாலு கதை சொல்லுவார்.

நாமக்கல்ல என்ன பார்க்கிறது?

ஊர் நடுவுல ஒரே பாறையா நிக்குது மலை. உச்சியில கோட்டை. பாறையோட மேற்குப் பக்கம் நரசிம்மர் குடைவரைக் கோயில், கிழக்குப் பக்கம் ரங்கநாதர் குடைவரை. ரெண்டும் 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அதியமான் மரபினர் குடைஞ்சதுனு சொல்றாங்க. நரசிம்மரைப் பார்த்தபடி கொஞ்ச தூரத்துல கைகூப்பி நிக்கிறார் 18 அடி ஆஞ்சநேயர். அவர் தலைக்கு மேல விமானமோ கூரையோ கிடையாது. வெயில், மழை எல்லாம் அவர் மேலதான்.

மூட்டு வலி உள்ளவங்களுக்கு இந்த ஊர் பெரிய வரம். ஆஞ்சநேயரையும் நரசிம்மரையும் நாமகிரித் தாயாரையும் அதிகம் படி ஏறாமலே பார்த்துடலாம். ரங்கநாதருக்குத்தான் படிகள் உண்டு, கோட்டைக்குப் பாறையில வெட்டின படியில ஏறணும். அதை நீங்க சாயங்காலம் போய் செல்ஃபி எடுத்துக்கோங்க. பெரியவங்க அந்த நேரத்துல கமலாலயக் குளத்துப் பக்கம் காத்து வாங்கட்டும். இங்க அவங்களை விட்டுட்டுப் போறது மலையில வண்டிக்குள்ள விட்டுட்டுப் போறது மாதிரி இல்லை. கோயில், கடை, டீ, பேச்சுத் துணைக்கு ஆள்னு எல்லாமே பக்கத்துல இருக்கு.

மதியம் நடை சாத்திடுவாங்க. அதனால காலையில ஒரு தரிசனம், சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம், சாயங்காலம் மிச்சம்னு வெச்சுக்கோங்க. மதியத் தூக்கம் ரொம்ப முக்கியம். அதை 'டைம் வேஸ்ட்'னு நினைச்சு இடையில ரெண்டு ஸ்பாட் சொருகாதீங்க. படிக்கிற பழக்கம் உள்ள தாத்தாவா இருந்தா, நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையோட நினைவு இல்லம் இங்க இருக்கு, இப்போ நூலகமா இருக்கு. உப்பு சத்தியாகிரகத்துக்கு வழிநடைப் பாட்டு எழுதினவர்னு நீங்க ஆரம்பிச்சா போதும், பாட்டை அவரே பாடிக் காட்டுவார்.

வந்து சேர்ற நேரத்தையும் யோசிங்க. சென்னையில இருந்து ராத்திரி கிளம்புற பாலக்காடு எக்ஸ்பிரஸ் நாமக்கல்ல நிக்கும். 2013-ல சேலம்-கரூர் ரயில் பாதை வந்த பிறகு கிடைச்ச வசதி இது. ஆனா பொழுது விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே இறங்க வேண்டியிருக்கும். அந்த இருட்டுல போய் நின்னா, "மதியம் 12 மணிக்குத்தான் செக்-இன்"னு சொல்ற ஹோட்டல் உங்களுக்கு வேண்டாம். 24 மணி நேரக் கணக்குல ரூம் தர்ற லாட்ஜா கேட்டு முன்கூட்டியே பேசி வெச்சுக்கோங்க. கூடவே மூணு கேள்வி: கீழ்தளத்துல ரூம் இருக்கா இல்லை லிஃப்ட் இருக்கா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, பாத்ரூம் தரை வழுக்குமா? போட்டோவுல அழகா இருக்கிற பளபள டைல்ஸ்தான் வயசானவங்களுக்கு எதிரி. பஸ்ல வந்தா, புது பஸ் ஸ்டாண்ட் ஊருக்கு வெளிய முதலைப்பட்டியில இருக்கு. அங்கிருந்து கோயில் நடந்து போற தூரம் இல்லை, ஆட்டோவுக்குச் சேர்த்துக் கணக்கு போடுங்க.

70 வளைவும் ஒரு வயிறும்

மறுநாள் காலையிலதான் மலை. நாமக்கல்ல இருந்து செம்மேடு சுமார் 55 கி.மீ. மேப் காட்டுற நேரத்தை நம்பாதீங்க. பெரியவங்களோட போனா ரெண்டரை மணி நேரம்னு வெச்சுக்கலாம்.

வாந்தி ஏன் வருது? காதுக்குள்ள ஒரு சமநிலை உறுப்பு இருக்கு. வண்டி திரும்புறதை அது உடனே மூளைக்குச் சொல்லிடும். ஆனா கண்ணு வண்டிக்குள்ள இருக்கிற அசையாத சீட்டையோ மொபைலையோ பார்த்துக்கிட்டு "எதுவும் அசையலையே"னு சொல்லும். இந்த ரெண்டு தகவலும் முட்டிக்கும்போதுதான் தலை சுத்துது, வயிறு புரட்டுது. தீர்வும் இதுலயே இருக்கு. யாருக்கு ஒத்துக்காதோ அவங்க முன் சீட்ல உக்காந்து தூரத்து ரோட்டைப் பார்க்கணும். 'மரியாதைக்காக' முன் சீட்டை அப்பாவுக்குக் கொடுத்துட்டு, அப்பத்தாவைக் கடைசி வரிசையில உக்கார வைக்கிற வேலை வேண்டாம். கடைசி வரிசைதான் அதிகமா ஆடும்.

வெறும் வயித்துலயும் ஏத்தக் கூடாது, பொங்கல் வடைன்னு ஃபுல்லா கட்டிக்கிட்டும் ஏறக் கூடாது. ரெண்டு இட்லி போதும். முக்கியமா, சுகர் மாத்திரை போடுறவங்க "வாந்தி வரும், எனக்கு டிபன் வேண்டாம்"னு மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டு ஏறினா சர்க்கரை சட்டுனு இறங்கிடும். வேர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் வரும். நாம அதை வளைவுனால வந்த மயக்கம்னு நினைச்சுக்குவோம். பையில குளுக்கோஸோ இனிப்போ இருக்கட்டும்.

வாந்தி மாத்திரை விஷயத்துல இன்னொண்ணு. மெடிக்கல்ல கேட்டு வாங்கி நீங்க போட்டுக்கிற அதே மாத்திரையை தாத்தாவுக்குக் கொடுக்காதீங்க. அதுல பல மருந்துகள் பெரியவங்களுக்கு அதிகத் தூக்கம், தடுமாற்றம், குழப்பம்னு கொண்டுவரும். புராஸ்டேட் தொந்தரவு உள்ள ஆண்களுக்கு யூரின் போறதுலயே சிக்கல் வரலாம். ஊர்ல கிளம்புறதுக்கு முன்னாடியே அவங்களோட டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. பி.பி-க்கு நீர் பிரியற மாத்திரை போடுறவங்களும், அன்னிக்குக் காலையில எப்போ போடலாம்னு கேட்டுக்கணும். அதுக்குன்னு நீங்களா நிறுத்தக் கூடாது.

இந்த ரோட்டுல ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போட்டிருப்பாங்க. அதையே விளையாட்டா மாத்திக்கலாம். ஒவ்வொரு 15, 20 வளைவுக்கும் இடம் பார்த்து ஓரங்கட்டி அஞ்சு நிமிஷம் இறங்கி நிக்கட்டும். டிரைவர் இந்த மலைப் பாதையில ஏறிப் பழகினவரா இருந்தா நல்லது. சமவெளியில சூப்பரா ஓட்டுற உங்க கஸினோட முதல் மலை அனுபவம் இதுவா இருக்க வேண்டாம். முள்ளுக்குறிச்சி வழியா இன்னொரு பாதையும் மேல போகுது, அதுல வளைவுகள் குறைவு. சேலம், ராசிபுரம் பக்கம் இருந்து வர்றவங்க அதை விசாரிச்சுப் பார்க்கலாம்.

வண்டியோட உயரமும் ஒரு விஷயம்தான். ரொம்பத் தாழ்வான கார்ல இருந்து எழுந்திருக்க முட்டி வலிக்கும், ரொம்ப உயரமான எஸ்.யூ.வி-யில ஏற முட்டி வலிக்கும். நின்னபடியே இடுப்பைப் பின்னால சாய்ச்சா சீட்டுல உக்கார முடியணும், அதான் சரியான உயரம்.

மேல போய் எத்தனை இடம்?

ரெண்டு. அதிகபட்சம் மூணு. யூடியூப்ல 'ஒரே நாளில் 12 இடங்கள்'னு போடுறவங்களோட அப்பத்தா யாரும் வந்ததில்லை!

முதல்ல அறப்பளீஸ்வரர் கோயில். 'அறப்பளீசுர சதகம்'னு அம்பலவாணக் கவிராயர் நூறு பாட்டு எழுதியிருக்கிறது இந்த சாமியை வெச்சுத்தான். கோயில் வரைக்கும் வண்டி போகும், பெரியவங்க நிதானமா தரிசனம் பண்ணலாம். ஆகாய கங்கைக்குப் படி இறங்குறதும் இங்க இருந்துதான். இங்கதான் அந்த "நான் வண்டியிலயே இருக்கேன்" வசனம் வரும். அதனால உங்க கூட்டத்தை ரெண்டா பிரிங்க. முதல் பாதி அருவிக்குப் போகும்போது ரெண்டாவது பாதி பெரியவங்களோட கோயில்ல, டீக்கடையில. அவங்க திரும்பினதும் இவங்க. "தாத்தாவை ஒரு 200 படி மட்டும் கூட்டிட்டுப் போலாமே"னு ஆசை வரும். இறங்குறது சுலபமாத்தான் தெரியும். ஆனா இறங்கும்போதுதான் மூட்டு மேல பாரம் அதிகம் விழும், அப்புறம் அதே 200 படியை ஏறியும் ஆகணும். அருவித் தண்ணிதான் வேணும்னா மாசிலா அருவி இருக்கு. ஆகாய கங்கையோட ஒப்பிட்டா அங்க நடை ரொம்பக் கம்மி. முதல்ல நீங்க ஒருத்தர் மட்டும் போய், பாறை எவ்வளவு வழுக்குதுனு பார்த்துட்டு வாங்க.

வாசலூர்பட்டியில சின்னதா ஒரு படகு இல்லம் இருக்கு. கொடைக்கானல், ஊட்டி ஏரியை எதிர்பார்த்துப் போகாதீங்க. சீக்குப்பாறை வியூ பாயின்ட்ல நின்னா கீழ சமவெளி முழுக்கத் தெரியும், அதுக்காக மெனக்கெட வேண்டியதில்லை. செம்மேட்டுல வல்வில் ஓரி சிலை. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்சவன்னு புறநானூற்றுல வன்பரணர் பாடின அதே ஓரிதான். ஆடி 18-ஐ ஒட்டி அவனுக்கு அரசு விழா நடக்கும். மலையே நிரம்பி வழியும். வேண்டுதல் ஏதாவது இருந்தா ஒழிய அந்த நாள்கள்ல பெரியவங்களைக் கூட்டிட்டுப் போக வேண்டாம்.

என்னைக் கேட்டா, பெரியவங்களுக்கு இந்த மலையில பெஸ்ட் ஸ்பாட் சோளக்காடு சந்தைதான். மலை வாழைப்பழம், பலா, அன்னாசி, மிளகு, காப்பிக்கொட்டை. பழத்தைத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, விலை பேசி வாங்குறதுல நம்மளைவிட அவங்க கில்லாடி. டூர்ல அவங்க நமக்கு வழி காட்டுற ஒரே இடம் அது, அதனால அங்க அவசரப்படுத்தாதீங்க. முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பும் கிடைக்கும். பாறையில வளர்ற பெரணிச் செடியோட கிழங்கு, ஆட்டுக்கால் மாதிரியே ரோமத்தோட இருக்கும். 'மூட்டு வலி பறந்துடும்'னு விப்பாங்க. சூடா, மிளகு தூக்கலா நல்லாத்தான் இருக்கும், குடிக்கட்டும். அதுக்காக முட்டி வலி மாத்திரையை நிறுத்திட வேண்டாம்னு மட்டும் சொல்லிவைங்க.

மலை உயரம் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் வரைக்கும்தான். அதனால மூச்சு முட்டுமோன்னு பயப்பட வேண்டியதில்லை, குளிருக்கு ஸ்வெட்டரும் மப்ளரும் போதும். அவசரம்னா செம்மேட்டுல அரசு மருத்துவமனை இருக்கு. பெரிய விஷயம்னா நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்குத்தான் இறங்கணும். அதுக்கும் அதே வளைவுகள்தான். இதய நோய் உள்ளவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்களை, டாக்டர் சம்மதம் இல்லாம மேல ஏத்தாதீங்க. அவங்களுக்கு நாமக்கல் நாளே முழு டூரா இருக்கட்டும்.

அன்னிக்கே இறங்குறதா இருந்தா மூணு மணிக்குள்ள கிளம்பிடுங்க. இருட்டின பிறகு கொண்டை ஊசி வளைவுல தூரத்து ரோட்டைப் பார்க்க முடியாது, ஏறும்போது வராத வாந்தி இறங்கும்போது வரும். டிரைவர்கிட்ட கியரைக் குறைச்சு மெதுவா இறக்கச் சொல்லுங்க, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடச் சொல்லுங்க. பலாப்பழத்தை மட்டும் டிக்கியில வெச்சுக் கட்டிடுங்க. மூடின காருக்குள்ள 70 வளைவுக்கும் அந்த வாசனையோட இறங்குறது உங்களுக்கே கஷ்டம்.