சூசி சூ

சூசி சூ (பிறப்பு: மே 27, 1957) இங்கிலாந்தைச் சேர்ந்த பாடகரும் பாடலாசிரியரும் ஆவார். சூசி அண்ட் தி பான்ஷீஸ் என்ற ராக் இசைக்குழுவில் 1976 முதல் 1996 வரை முன்னணிப் பாடகராக இருந்தார். காத்திக் ராக் என்னும் இசைவகைக்கு வித்திட்டவர்களுள் ஒருவராக இவரைக் கருதுகின்றனர். இசைப் பயிற்சி ஏதுமின்றி மேடையேறியவர் இவர். கூட இருந்தவர்கள் பிரிந்து சென்றபோதெல்லாம் இசையின் போக்கை மாற்றிக்கொண்டு தொடர்ந்து பாடி வந்தார்.

காத்திக் ராக் என்பது என்ன?

'காத்திக்' என்ற சொல் இடைக்கால ஐரோப்பாவின் உயரமான தேவாலயக் கட்டடக் கலையைக் குறித்தது. பின்னர், பாழடைந்த கோட்டைகளைக் களமாகக் கொண்ட 18-ஆம் நூற்றாண்டுத் திகில் நாவல்களுக்கும் அப்பெயர் வந்தது. 1970-களின் இறுதியில் பங்க் ராக் இசையிலிருந்து இருண்ட தொனியுடைய ஒரு கிளை பிரிந்தபோது, அதற்கும் அதே பெயர் சூட்டப்பட்டது. இவ்வகையில் பேஸ் கிட்டார் பின்னணியாக ஒதுங்கி நிற்காமல் மெட்டையே ஏந்திச் செல்லும். கிட்டார் ஒலி எதிரொலியோடு பரவும். டிரம்ஸ் அதிர்வு ஆழமாக, சடங்குப் பறையொலி போலக் கேட்கும். பயம், மரணம், மனச்சிதைவு, தனிமை ஆகியவை பாடுபொருள்களாகும்.

இளமை

இவரது இயற்பெயர் சூசன் ஜேனட் பாலியன். லண்டனில் பிறந்து, அதன் தென்கிழக்குப் புறநகரான சிசில்ஹர்ஸ்டில் வளர்ந்தார். தந்தை பெல்ஜிய நாட்டவர். காங்கோவில் பாம்பு நஞ்சு எடுக்கும் ஆய்வுக்கூடப் பணியில் இருந்தவர். மதுவுக்கு அடிமையாகியிருந்த தந்தை, சூசிக்கு 14 வயதானபோது இறந்தார். அதையடுத்து சூசி பெருங்குடல் புண் நோயால் தாக்கப்பட்டு அறுவை சிகிச்சைக்கு உள்ளானார். மருத்துவமனையில் இருந்தபடி, 1972-இல் தொலைக்காட்சியில் டேவிட் போவி பாடியதைப் பார்த்தார். ஆண், பெண் என்ற வரம்புகளைப் பொருட்படுத்தாத போவியின் தோற்றம் அவரை ஈர்த்தது.

இருபது நிமிட மேடை

1976 செப்டம்பர் 20 அன்று லண்டன் '100 கிளப்' அரங்கில் பங்க் இசை விழா நடந்தது. அதில் ஒரு குழுவுக்கான இடம் காலியாக இருப்பதை அறிந்த சூசியும் அவருடைய நண்பர் ஸ்டீவன் செவெரினும் தாங்கள் பாடுவதாக ஒப்புக்கொண்டனர். அப்போது அவர்களிடம் பாடல் ஒன்றுகூட இல்லை. கிறித்தவர்களின் பரமண்டல ஜெபத்தை அடியாக வைத்து, சுமார் இருபது நிமிடங்கள் மனம்போன போக்கில் வாசித்தார்கள். பான்ஷீ என்பது அயர்லாந்து நாட்டார் கதைகளில், மரணம் நேரப்போவதை ஓலமிட்டு அறிவிக்கும் பெண் ஆவி. அதுவே குழுவின் பெயராயிற்று.

அந்நாள்களில் சூசி நாஜிச் சின்னம் பொறித்த கைப்பட்டை அணிந்தது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. போர்க்காலப் பெருமை பேசிய மூத்த தலைமுறையை அதிரவைக்கவே அணிந்ததாக அவர் பின்னாளில் விளக்கினார். ஆயினும் நாஜிகளின் கொடுமைக்கு ஆளானவர்களை அச்சின்னம் புண்படுத்தும் என்பது மறுக்க முடியாதது. நாஜி எதிர்ப்பு ஒட்டுப்படங்களால் புகழ்பெற்ற ஜெர்மன் ஓவியர் ஜான் ஹார்ட்ஃபீல்டின் படைப்பை அடிப்படையாகக் கொண்டு, குழு பின்னர் 'மெட்டல் போஸ்ட்கார்ட்' என்ற பாடலை உருவாக்கியது.

முதல் வெற்றி

குழுவின் முதல் தனிப்பாடலான 'ஹாங்காங் கார்டன்' 1978 ஆகஸ்டில் வெளியாகி, பிரிட்டன் தரவரிசையில் 7-ஆம் இடம் பெற்றது. சிசில்ஹர்ஸ்டில் இருந்த ஒரு சீன உணவகத்தின் பெயர் அது. மொட்டையடித்த இளைஞர் கும்பல்கள் அங்கு வந்து ஊழியர்களை இனப்பகையோடு துன்புறுத்துவதைச் சூசி நேரில் கண்டிருந்தார். அந்த ஊழியர்களை நினைத்தே பாடலை எழுதினார். முதல் இசைத்தொகுப்பான 'தி ஸ்க்ரீம்' அதே ஆண்டு நவம்பரில் வந்தது. புறநகர் வீடுகளின் ஒழுங்கான தோற்றத்துக்குப் பின்னால் உள்ள மனப்புழுக்கம் அதன் பாடல்களில் வெளிப்பட்டது.

அபர்டீனில் நேர்ந்த பிளவு

1979 செப்டம்பர் 7 அன்று ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் இசை நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. நிகழ்ச்சி தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது கிட்டார் கலைஞர் ஜான் மெக்கேயும் டிரம்ஸ் கலைஞர் கென்னி மோரிஸும் குழுவைவிட்டு வெளியேறினர். சுற்றுப்பயணமோ பாதியில் நின்றது. துணைக்குழுவாக வந்திருந்த 'தி கியூர்' அன்றிரவு கூடுதல் நேரம் வாசித்தது. தி ஸ்லிட்ஸ் குழுவில் இருந்த பட்ஜி டிரம்ஸ் வாசிக்க வந்தார். கியூர் குழுவின் ராபர்ட் ஸ்மித், எஞ்சிய நிகழ்ச்சிகளில் முதலில் தம் குழுவோடும் அடுத்துச் சூசியின் குழுவோடும் ஒரே இரவில் இருமுறை மேடையேறினார்.

இழப்பாகத் தோன்றிய இந்நிகழ்வு புதிய இசைக்கு வழிதிறந்தது. அடுத்து வந்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்ஜியோக், ஸ்வரக்கூட்டுகளை ஓங்கி அடிப்பதற்குப் பதிலாகத் தந்திகளைத் தனித்தனியே மீட்டிப் பின்னும் முறையைக் கையாண்டார். பட்ஜியின் தாளமும் அதோடு இணைந்தது. 'கலைடோஸ்கோப்' (1980), 'ஜுஜு' (1981), 'எ கிஸ் இன் த ட்ரீம்ஹவுஸ்' (1982) ஆகிய மூன்று தொகுப்புகளும் இக்கூட்டணியின் விளைவே. இவற்றுள் 'ஜுஜு' காத்திக் ராக்கின் அடிப்படைத் தொகுப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. சூசியும் குழுவினரும் இந்த முத்திரையை விரும்பவில்லை. தங்கள் இசை ஒரே வகைக்குள் அடங்காது என்பதே அவர்கள் நிலைப்பாடு.

உடல்நலக் குறைவால் மெக்ஜியோக் விலகியதும் ராபர்ட் ஸ்மித் மீண்டும் வந்து 1984 வரை வாசித்தார். அக்காலத்தில் வெளியான, பீட்டில்ஸ் குழுவின் 'டியர் ப்ருடன்ஸ்' பாடலின் மறுஆக்கம் 1983-இல் பிரிட்டனில் 3-ஆம் இடத்தை எட்டியது. குழு தரவரிசையில் பெற்ற மிக உயர்ந்த இடம் அதுதான். 1985-இல் லண்டனில் பாடிக்கொண்டிருக்கையில் சூசியின் முழங்கால் சில்லு விலகியது. காலில் மாவுக்கட்டோடு அவர் சுற்றுப்பயணத்தைத் தொடர்ந்தார்.

பாடுபொருள்கள்

காதலைவிட மனித மனத்தின் இருண்ட மூலைகளையே சூசி அதிகம் பாடினார். 'கிறிஸ்டின்' (1980) பல ஆளுமைகளாகப் பிளவுண்ட ஒரு பெண்ணைப் பற்றியது. 'சிட்டீஸ் இன் டஸ்ட்' (1985) எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரைப் பாடுவது. 'கேண்டிமேன்' (1986) குழந்தைகளைச் சீரழிப்போரைச் சாடுவது.

அமெரிக்காவில் புகழ்

1988-இல் வந்த 'பீக்-எ-பூ' பாடல், ஒலிப்பதிவைப் பின்னோக்கி ஓடவிட்டு அமைத்த இசையைக் கொண்டது. பில்போர்டு இதழ் அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கிய நவீன ராக் பாடல் தரவரிசையில் முதன்முதலாக முதலிடம் பெற்ற பாடல் இதுவே. 1991-இல் வெளியான 'கிஸ் தெம் ஃபார் மீ' பாடலில் தல்வின் சிங் தபலா வாசித்தார். அப்பாடல் அமெரிக்கப் பொதுத் தரவரிசையில் 23-ஆம் இடம் பெற்றது.

பிற்காலம்

சூசியும் பட்ஜியும் 1981-இலேயே 'தி கிரீச்சர்ஸ்' என்ற இருவர் குழுவைத் தொடங்கியிருந்தனர். குரலும் தாளமும் முதன்மை பெற்ற இசை அது. இருவரும் 1991-இல் மணந்து பிரான்சில் குடியேறினர். 1996-இல் பான்ஷீஸ் கலைந்தது. மண வாழ்வும் 2007-இல் முறிந்தது. அவ்வாண்டே, தமது 50-ஆவது வயதில், 'மாண்டரே' என்ற முதல் தனி இசைத்தொகுப்பைச் சூசி வெளியிட்டார். 2013-இல் யோகோ ஓனோ பொறுப்பேற்று நடத்திய மெல்ட்டவுன் விழாவில் 'கலைடோஸ்கோப்' தொகுப்பை முழுமையாகப் பாடினார். பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2023-இல் மீண்டும் மேடையேறினார்.

தாக்கம்

2012-இல் பாடலாசிரியர்களுக்கான ஐவர் நொவெல்லோ விருதுகளில் ஊக்கமளித்தவருக்கான விருது இவருக்கு வழங்கப்பட்டது. கனடியப் பாடகர் தி வீக்எண்ட் 2011-இல் தம் பாடலொன்றில் பான்ஷீஸின் 'ஹேப்பி ஹவுஸ்' இசைத் துணுக்கைப் பயன்படுத்தினார். ராக் இசையில் பெண் பெரும்பாலும் பின்பாட்டுக்கோ அழகுக்கோ நிறுத்தப்பட்ட காலத்தில், சொந்தச் சொற்களோடும் சொந்தத் தோற்றத்தோடும் ஒரு குழுவை முன்னின்று நடத்தியவர் சூசி. அடுத்த தலைமுறைப் பெண் கலைஞர்களுக்கு அதுவே முன்மாதிரியாக அமைந்தது.