ஒருநாள் விழாவும் ஓராண்டுக் கல்வியும்

மொன்றியால் தீவின் மேற்குப் பகுதியில், சென் லூயி ஏரியின் கரையில் அமைந்துள்ள நகரம் புவாண்ட்-கிளேர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட கல் காற்றாலையொன்று, ஏரிக்குள் நீண்டுள்ள அதன் நிலமுனையில் இன்றும் நிற்கின்றது. பிரெஞ்சுக் குடியானவர்கள் தானியம் அரைத்த ஊர் அது. பின்னாளில் ஆங்கிலம் பேசுவோர் பெருந்தொகையாகக் குடியேறினர். அவர்களுக்குப் பின் உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் எம்மவரும் அடங்குவர். அயலிலுள்ள டொலார்-டெ-ஓர்மோ நகரில் எம்மவர் எழுப்பிய திருமுருகன் கோவில், இப்பகுதியில் நாம் வேரூன்றியிருப்பதன் அடையாளமாக விளங்குகின்றது.

மொன்றியால் தீவின் பாடசாலைகள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருநாள் பல்பண்பாட்டு விழா நடைபெறுவதை வாசகர்கள் அறிவர். தாய்மார் அதிகாலையில் எழுந்து வடை சுட்டு அனுப்புகின்றனர். பிள்ளைகள் பட்டுப்பாவாடையும் வேட்டியும் உடுத்திச் செல்கின்றனர். பனிக்காலணிக்குள் கொலுசு ஒலிக்கின்றது. லெபனான் பிள்ளையும் ஹெயிற்றிப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் வடையைச் சுவைத்துப் பார்க்கின்றனர். எமது பிள்ளையின் முகம் அன்று மலர்ந்திருக்கின்றது. இதனை நாம் குறைவாக மதிப்பிடவில்லை. தன் வீட்டு உணவை மறைத்து உண்ட பிள்ளை, அதனை எல்லோர் முன்னிலையிலும் எடுத்து வைப்பது சிறு காரியமன்று.

ஆனால் மறுநாள் என்ன நிகழ்கின்றது என்பதே எமது கேள்வி.

மௌனத்திலிருந்து பேச்சுக்கு

1977இல் நிறைவேறிய 101ஆம் சட்டமூலத்தின்படி, கியூபெக்கிற்கு வந்து குடியேறுவோரின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பாடசாலையிலேயே கற்கவேண்டும். தாயோ தந்தையோ தமது ஆரம்பக் கல்வியின் பெரும்பகுதியைக் கனடாவில் ஆங்கிலத்தில் கற்றிருந்தால், பிள்ளைக்கு ஆங்கிலப் பாடசாலையில் இடம் கோரலாம். ஆகவே புவாண்ட்-கிளேரில் ஒரே தெருவில் வாழும் இரு தமிழ்க் குடும்பங்களுள், ஒரு வீட்டுப் பிள்ளை பிரெஞ்சுப் பாடசாலைக்கும் மற்றைய வீட்டுப் பிள்ளை ஆங்கிலப் பாடசாலைக்கும் செல்வது இயல்பு.

புதிதாக வரும் பிள்ளை முதலில் வரவேற்பு வகுப்பில் சேர்க்கப்படுகின்றது. பிரெஞ்சு அறியாத பிள்ளைகளுக்கென 1960களின் இறுதியில் மொன்றியாலில் தொடங்கப்பட்ட ஏற்பாடு இது. பத்து வயதில் வந்த பிள்ளை முதற் சில மாதங்கள் வாய் திறவாது இருக்கும். ஆசிரியரின் உதட்டையும் அயற் பிள்ளையின் கொப்பியையும் பார்த்துக்கொண்டிருக்கும். பின்னர் ஒருநாள் கையை உயர்த்தும். சில ஆண்டுகளில் தந்தையின் பிரெஞ்சைத் திருத்தும். பாடசாலை தரும் சான்றிதழ்கள் யாவற்றிலும் பெரிய வளர்ச்சி இதுவென்போம்.

இவ்வளர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு. பிரெஞ்சு ஏற ஏறத் தமிழ் இறங்குகின்றது. இதனைக் கருத்திற்கொண்டே கியூபெக் கல்வி அமைச்சு 1970களின் பிற்பகுதியில் தாய்மொழி கற்பிக்கும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. கிரேக்கம், இத்தாலியம், போர்த்துக்கேயம், ஸ்பானியம் ஆகியன அதில் முதலிற் சேர்க்கப்பட்ட மொழிகள்.  கேளாதவர்க்கு எதுவும் தாமாக வந்து சேர்வதில்லை.

வட்டுக்கோட்டையும் வண்ணார்பண்ணையும்

1998 யூலை வரை கியூபெக்கின் பாடசாலைச் சபைகள் மொழியின்படி அன்றி, கத்தோலிக்கம், புரட்டஸ்தாந்தம் என மதத்தின்படி பிரிந்திருந்தன. 1997இல் கனடிய அரசியலமைப்பைத் திருத்திய பின்னரே மொழிவாரிச் சபைகள் தோன்றின. 1983 யூலைப் படுகொலைகளின் பின் வந்தோரும், 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழரைத் தொடர்ந்து வந்தோரும், தம் சைவப் பிள்ளைகளை இவ்விரு மதச் சபைகளுள் ஒன்றின் பாடசாலைக்கே அனுப்பினர். 2008இல் எல்லா மதங்களையும் அறிமுகப்படுத்தும் பொதுப் பாடம் ஒன்று மறைக்கல்வியின் இடத்தைப் பெற்றது. 2024இல் அதுவும் நீங்கி, பண்பாடும் குடிமையும் பற்றிய பாடம் அதன் இடத்திற்கு வந்துள்ளது.

மாற்றார் மதத்தவரின் பாடசாலையிற் கற்பது எம்மவர்க்குப் புதிதன்று. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் சாலை அமைத்தபோது, யாழ்ப்பாணத்தவர் அதனுள்ளே சென்று ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்றனர். வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் கற்று அங்கேயே கற்பித்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாடசாலை எவ்வாறு நடத்தப்படுகின்றது என்பதை உள்ளேயிருந்து கண்டவர் அவர். வாசலில் நின்று பிள்ளையை அனுப்பிவிட்டுத் திரும்பியவர்களால் அது கூடியிராது.

வாசலில் நிற்கும் பெற்றோர்

இன்று எம்மவரிற் பலர் வாசலிலேயே நின்றுவிடுகின்றனர். காரணங்களை நாம் அறிவோம். இரவு வேலை, இரட்டை வேலை, தெரியாத மொழி, அகதி விண்ணப்பத்தின் முடிவு வராத அச்சம். ஆசிரியரைச் சந்திக்கும் நாளிற்கூடப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர் ஆகின்றது. ஆசிரியர் ஐந்து நிமிடம் பேசி முடித்ததும், பிள்ளை தாயிடம் திரும்பி, "ரீச்சர் பெரிசா ஒண்டும் சொல்லேல்லை அம்மா, எல்லாம் நல்லாத்தானாம்" என்கின்றது. தாய் நன்றி சொல்லி எழுந்து வருகின்றாள். கணக்கில் பிள்ளை பின்தங்கியிருப்பது ஆண்டிறுதியிலேயே வீட்டிற்குத் தெரியவருகின்றது. பிள்ளையின் மேற் குற்றமில்லை. தன் குறையைத் தானே மொழிபெயர்க்கும் சுமையை அதன் தோளில் ஏற்றியவர் நாமே. மொழி தெரிந்த வளர்ந்தவர் ஒருவரை, உறவினராயினும் அயலவராயினும், உடன் அழைத்துச் செல்வதே முறை.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. கியூபெக்கின் கல்விச் சட்டத்தின்படி ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் ஆட்சிக்குழு இயங்குகின்றது. பிரெஞ்சில் இது கொன்செய் தெத்தாப்லிஸ்மன் எனப்படும். அதில் ஆசிரியர் முதலிய பணியாளரோடு பெற்றோர் பிரதிநிதிகளும் அமர்கின்றனர். தலைவர் பெற்றோர் பிரதிநிதிகளிலிருந்தே தெரிவுசெய்யப்பட வேண்டும். பாடசாலையின் கல்வித் திட்டம், வரவுசெலவு, நடத்தை விதிகள், மாணவரை வெளியே அழைத்துச் செல்லும் நிகழ்ச்சிகள் ஆகியன இக்குழுவின் முன் வருகின்றன. அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை.

பெற்றோர் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்யும் பொதுக்கூட்டம் ஆண்டுதோறும் செப்டெம்பர் மாத முடிவிற்குள் நடைபெறுகின்றது. அதில் வாக்களிப்பதற்குக் குடியுரிமை வேண்டியதில்லை. பிள்ளை அப்பாடசாலையில் கற்பதும், நாம் அதன் பெற்றோராக இருப்பதுமே போதும். இந்நாட்டில் வேறெந்தத் தேர்தலிலும் வாக்கில்லாத அகதி விண்ணப்பதாரி ஒருவர், தன் கையை உயர்த்தக்கூடிய முதல் இடம் அதுவாகவே இருக்கலாம். பிள்ளையின் குடிவரவு நிலை எதுவாயினும் இலவசக் கல்வி பெறும் வழியை 2018 யூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் விரிவாக்கியுள்ளது. பிள்ளைக்குத் திறந்த கதவு பெற்றோருக்கும் திறந்தே உள்ளது.

மொழி தெரியாது என்று தயங்குவோர்க்கு ஒன்று சொல்வோம். கூட்டத்தில் முதலாண்டு பேசவேண்டியதில்லை. அமர்ந்திருந்தாலே போதும். அதிபர் எம் முகத்தை அறிவார். இரண்டாம் ஆண்டு ஒரு கேள்வி கேட்கலாம். வரவேற்பு வகுப்பில் மௌனமாயிருந்து பின் கையை உயர்த்திய எம் பிள்ளை காட்டிய வழி அதுதானே.

தைமாதம் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடப்பட வேண்டுமெனக் கனடிய நாடாளுமன்றத்தின் பொதுச்சபை 2016 ஒக்டோபரில் தீர்மானித்தது. பனி உறைந்த தைமாதத்தில் பாடசாலை மண்டபத்தில் எம் பிள்ளைகள் ஆடட்டும், பாடட்டும். வடையும் செல்லட்டும். ஆனால் அம்மண்டபத்தில் விழா நடத்துவதா, அங்கே தமிழும் கற்பிக்கும்படி கேட்பதா, பின்தங்கிய பிள்ளைக்கு மேலதிக உதவி வேண்டுமென வற்புறுத்துவதா என்பன பேசப்படும் மேசையிலும் எம்மவர் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். விழாவுக்குச் சேலையைத் தேடும் கைகள், பிள்ளையின் புத்தகப்பையில் வரும் செப்டெம்பர்க் கூட்ட அறிவித்தலையும் தேடி எடுக்கட்டும்.