வானூர்தி நிலையத்தில் இறங்கியதும்: முதல் நாள் செலவுக்கு ரூபாய் பெறும் வழிகள்

மருத்துவத்திற்காக அயல்நாடுகளிலிருந்து சென்னைக்கு வருவோரின் பயணப் பையில் மருத்துவ அறிக்கைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். மாத்திரைகள் வேளைவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். இந்திய ரூபாய் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று புறப்பட்டு விடுகிறோம். அந்த "அங்கே" என்பது, நோயாளர் களைத்திருக்கும் வேளையில், பெட்டிகளுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே, வானூர்தி நிலையத்தின் நாணய மாற்று முகப்பாக அமைந்து விடுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து தம் தாயாரைச் சிகிச்சைக்கு அழைத்து வந்த அன்பர் ஒருவர், கொண்டு வந்த டாலர் முழுவதையும் இறங்கிய இடத்திலேயே மாற்றி விட்டார். மறுநாள் மருத்துவமனைக்கு அருகிலுள்ள நாணய மாற்றுக் கடையின் விலைப் பலகையைக் கண்டபோதுதான் தாம் இழந்தது எவ்வளவு என்பது அவருக்குப் புரிந்தது. "அம்மா களைச்சுப்போய் இருந்தா, நாலு இடம் விசாரிக்க அந்த நேரம் மனம் வரேல்லை" என்றார். இழந்த தொகை அம்மாவின் பல நாள் மருந்துக்கு ஆகியிருக்கும் என்பதே அவருடைய வருத்தம்.

அவர்மீது குறை சொல்வதற்கில்லை. நோயாளரை அருகில் வைத்துக்கொண்டு எவரும் பேரம் பேச முடியாது. ஆகவே, முடிவு எடுக்கவேண்டிய இடம் வானூர்தி நிலையம் அன்று. புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில், வீட்டில் அமர்ந்து எடுக்கவேண்டிய முடிவு அது. இக்கட்டுரையின் சாரம் ஒரு வரியில் அடங்கும்: இறங்கிய இடத்தில் முதல் நாளுக்கு வேண்டியதை மட்டும் பெறுக, எஞ்சியதை நகருக்குள் பெறுக, மருத்துவமனைக் கட்டணத்தை வங்கி வழியே செலுத்துக.

விலைப் பலகையை வாசிக்கும் முறை

நாணய மாற்று முகப்புகளில் ஒவ்வொரு நாணயத்திற்கும் இரண்டு விலைகள் இருக்கும். ஒன்று, அவர்கள் உங்களிடமிருந்து வாங்கும் விலை. மற்றொன்று, அவர்கள் உங்களுக்கு விற்கும் விலை. டாலர் கொடுத்து ரூபாய் பெறும் உங்களுக்கு உரியது வாங்கும் விலையே. அதுவே இரண்டில் குறைவானது. இவ்விரு விலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் மாற்றுநரின் வருவாய். "கமிஷன் இல்லை" என்று எழுதி வைத்திருந்தாலும், அந்த வேறுபாட்டிற்குள் அவருடைய இலாபம் அடங்கியிருக்கும்.

கணக்கு எளிதாக இருக்கவேண்டி, ஒரு நாணயத்தின் சந்தை விலை 100 ரூபாய் என்று கொள்வோம். வானூர்தி நிலைய முகப்பில் 93 ரூபாயும் நகரக் கடையில் 98 ரூபாயும் தருகிறார்கள் எனில், 1,000 நாணயங்களை நிலையத்தில் மாற்றுபவர் 5,000 ரூபாய் இழக்கிறார். 50 நாணயங்களை மட்டும் மாற்றுபவர் இழப்பது 250 ரூபாய். இரவு நேரத்தில் நோயாளரை விரைந்து தங்குமிடம் சேர்ப்பதற்காக 250 ரூபாயை விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. 5,000 ரூபாயை விட்டுக்கொடுக்கத்தான் தேவையில்லை.

விலையைக் கேட்கும்போது, "100 டாலர் கொடுத்தால், எல்லாப் பிடித்தமும் போக என் கையில் எத்தனை ரூபாய் கிடைக்கும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் விலை, கட்டணம், வரி ஆகிய மூன்றும் தெளிவாகி விடும்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். நாணய மாற்றுச் சேவைக்கு இந்தியாவில் 18 விழுக்காடு சரக்கு, சேவை வரி உண்டு. அது மாற்றும் தொகை முழுவதற்கும் விதிக்கப்படுவதில்லை. சட்டம் வகுத்துள்ள ஒரு சிறு பகுதிக்கே விதிக்கப்படுகிறது. 25,000 ரூபாய் வரை மாற்றினால் வரி 45 ரூபாய். ஒரு இலட்சம் ரூபாய்க்கு 180 ரூபாய். எனினும் எவ்வளவு சிறிய தொகையை மாற்றினாலும் ஒவ்வொரு முறையும் அந்த 45 ரூபாய் உண்டு. எனவே நகருக்குள் மாற்றும்போது நாள்தோறும் சிறிது சிறிதாக மாற்றாமல், ஒரு வாரச் செலவை ஒருமுறையாக மாற்றுவது நன்று.

முதல் நாளுக்கு எவ்வளவு வேண்டும்?

வாடகை வண்டி, உணவு, குடிநீர், அவசரமாக வாங்கவேண்டிய மருந்து, தங்கும் விடுதியில் கேட்கக்கூடிய முன்பணம் ஆகியவையே முதல் நாளின் செலவுகள். நோயாளரும் துணைவர் ஒருவரும் வரும் குடும்பத்திற்கு 5,000 முதல் 10,000 ரூபாய் வரை கையில் இருந்தால் பதற்றமின்றி ஒரு நாளைக் கடக்கலாம். அதில் ஒரு பகுதியை 100, 50 ரூபாய்த் தாள்களாகக் கேட்டுப் பெறுங்கள். ஆட்டோ ஓட்டுநரிடமும் சிறு மருந்துக் கடையிலும் 500 ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை கிடைப்பது அரிது.

"சென்னையில் எல்லாக் கடையிலும் கைப்பேசியால் பணம் செலுத்துகிறார்களாமே, ரொக்கம் எதற்கு?" என்று சிலர் வினவுகின்றனர். செலுத்துவது உண்மையே. ஆயினும் கடைகளில் காணும் அந்தக் கட்டச் சதுரங்கள் யு.பி.ஐ. முறைக்கு உரியவை. உங்கள் நாட்டு வங்கிச் செயலி அவற்றை ஏற்கும் என்று எண்ணி வந்துவிட வேண்டாம். 2024 பிப்ரவரியில் இலங்கையில் யு.பி.ஐ. தொடங்கப்பட்டது, இந்தியப் பயணிகள் அங்கே பணம் செலுத்துவதற்காகவே. சிங்கப்பூரின் பே நௌ முறையோடு 2023 இல் ஏற்பட்ட இணைப்பு, ஒருவர் மற்றொருவருக்குப் பணம் அனுப்புவதற்கானது. ஆதலால் முதல் நாள் ரொக்கத்தையே நம்புங்கள்.

புறப்படுமுன் செய்யவேண்டியவை

முதல் நாளுக்கான ரூபாயை உங்கள் ஊரிலேயே வாங்கி வருவது மிக எளிய வழி. இந்தியாவில் வசிக்காதவர் வானூர்தி நிலையம் வழியாக நுழையும்போது, ஒருவர் 25,000 ரூபாய் வரை இந்திய நாணயம் கொண்டு வரலாம்; பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களுக்கு இது பொருந்தாது. இச்சலுகை வானூர்தி நிலையத்திற்கு மட்டுமே உரியது. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்திற்குக் கப்பலில் வருவோர் இதனை நினைவில் கொள்ளவேண்டும்.

கொழும்பு வெள்ளவத்தையிலும், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலும் உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடைகள் அருகருகே உள்ளன. இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு ஒப்பிட அங்கே உங்களுக்கு நேரம் இருக்கும்.

உறவினர் எவரேனும் பழைய ரூபாய்த் தாள்களைக் கொடுத்தால், பார்த்து வாங்குங்கள். 2016 நவம்பரில் செல்லாதனவாக்கப்பட்ட பழைய 500, 1,000 ரூபாய்த் தாள்கள் எவ்விடத்திலும் பயன்படா. 2,000 ரூபாய்த் தாள் 2023 இல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 7 க்குப் பின் வங்கிக் கிளைகளும் அதை மாற்றித் தருவதில்லை. இந்திய ரிசர்வ் வங்கியின் குறிப்பிட்ட அலுவலகங்களுக்கே செல்லவேண்டும். சிகிச்சைக்கு வந்த இடத்தில் அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

டாலர் போன்ற அயல்நாட்டுத் தாள்களைக் கொண்டு வருவோர், கிழிசலும் எழுத்தும் கறையும் இல்லாத தாள்களாகத் தேர்ந்தெடுங்கள். பழுதுபட்ட தாள்களை இங்குள்ள மாற்றுநர் பலர் ஏற்பதில்லை. அயல்நாட்டுத் தாள்கள் 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினாலும், பயணக் காசோலை முதலியவற்றையும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலும், வந்திறங்கியதும் சுங்கத் துறையிடம் அதற்கான படிவத்தில் அறிவிக்கவேண்டும். அப்படிவத்தின் படியைப் பயணம் முடியும் வரை பத்திரப்படுத்துங்கள்.

ஏ.டி.எம். இயந்திரத்தைப் பயன்படுத்துவோர்

பன்னாட்டுப் பயன்பாட்டிற்குரிய பற்று அட்டை (டெபிட் கார்டு) உடையவர்களுக்கு, வானூர்தி நிலையத்திலுள்ள வங்கியின் ஏ.டி.எம். இயந்திரம் பல வேளைகளில் நாணய மாற்று முகப்பைவிட நல்ல விலை தரும். அதற்கு நான்கு முன்னெச்சரிக்கைகள் தேவை.

முதலாவது, அயல்நாட்டுப் பயன்பாட்டை அனுமதிக்குமாறு உங்கள் வங்கியிடம் முன்னரே சொல்லி வையுங்கள். அட்டை முடங்கினால் நள்ளிரவில் உதவிக்கு ஆள் கிடைப்பது கடினம்.

இரண்டாவது, உங்கள் வங்கி ஒவ்வொரு முறைக்கும் எவ்வளவு கட்டணம் பிடிக்கும் என்று கேட்டறியுங்கள். இங்குள்ள வங்கியும் தனியே கட்டணம் பிடிக்கலாம். பல இயந்திரங்களில் ஒருமுறைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வருவதில்லை. ஆகவே 2,000 ரூபாயாகப் பலமுறை எடுப்பதைவிட, ஒரே முறையாக 10,000 ரூபாய் எடுப்பது சிக்கனம்.

மூன்றாவதே மிக முக்கியமானது. சில இயந்திரங்கள், "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளட்டுமா?" என்னும் பொருள்படக் கேட்டு, ஒரு மாற்று விலையையும் திரையில் காட்டும். பழகிய நாணயத்தில் தொகையைக் கண்டதும் மனம் ஒப்புக்கொள்ளத் தூண்டும். ஆனால் அந்த விலையில் கூடுதல் இலாபம் சேர்க்கப்பட்டிருக்கும். அதை மறுத்து, இந்திய ரூபாயிலேயே கணக்கிடுமாறு தேர்ந்தெடுங்கள். மறுத்தாலும் பணம் வரும். மாற்று விலையை உங்கள் வங்கியும் அட்டை நிறுவனமும் கணக்கிடும். கடைகளில் அட்டையைத் தேய்க்கும்போதும் இதே கேள்வி வரலாம்; அங்கும் ரூபாயே உங்கள் விடையாக இருக்கட்டும்.

நான்காவது, கடன் அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே அதற்கு வட்டி ஓடத் தொடங்குவது வழக்கம்.

நகருக்குள் மாற்றும்போது

ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற கடைகளில் மட்டுமே மாற்றுங்கள். உரிமச் சான்றைக் காட்டுமாறு கேட்கத் தயங்காதீர்கள். கடவுச்சீட்டைக் கேட்பார்கள், அதுவே முறையான கடைக்கு அடையாளம். வாயிலில் நின்று "கூடுதல் விலை தருகிறேன்" என்று அழைப்பவரிடம் மாற்றுவது சட்டத்திற்குப் புறம்பானது. கள்ள நோட்டு கைக்கு வந்தாலும் முறையிட வழியிராது. கடைக்கு இருவராகச் சென்று, பணத்தை அங்கேயே எண்ணிச் சரிபார்த்து, ரசீதைத் தவறாமல் பெறுங்கள்.

மருத்துவமனைக் கட்டணத்தை ரொக்கமாகக் கொண்டுவர வேண்டாம்

அறுவைச் சிகிச்சைக்கான முழுத் தொகையையும் ரொக்கமாகவே கொண்டுவரும் குடும்பங்களும் உள்ளன. வழியில் தொலையும் அச்சமும், நாணய மாற்றில் ஏற்படும் இழப்பும் ஒருபுறம் இருக்க, சட்டத் தடையும் உண்டு. இந்திய வருமான வரிச் சட்டப்படி, ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ ஒரே நிகழ்வுக்காகவோ 2 இலட்சம் ரூபாயையோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது கூடாது. ஒரே சிகிச்சைக்கான தொகையைப் பல நாள்களாகப் பிரித்துக் கட்டினாலும் இவ்விதியைக் கடக்க இயலாது. அனைத்தையும் ரூபாயாக மாற்றிக்கொண்டு கட்டண முகப்புக்கு வந்து, அங்கே இதை அறிந்து திகைத்து நின்ற குடும்பங்கள் உண்டு.

சிகிச்சைக்கான மதிப்பீட்டுக் கடிதம் கிடைத்ததும், முன்பணத்தை உங்கள் நாட்டு வங்கியிலிருந்து மருத்துவமனையின் வங்கிக் கணக்கிற்கு நேரடியாக அனுப்புங்கள். நோயாளரின் பெயரையும் பதிவு எண்ணையும் அனுப்புதல் படிவத்தில் குறிப்பிடுங்கள். இடைப்பட்ட வங்கிகளின் கட்டணத்தை அனுப்புபவரே ஏற்பதாகத் தேர்ந்தெடுத்தால், தொகை குறையாமல் வந்து சேரும். கணக்கு எண்ணை, எங்கள் பன்னாட்டு நோயாளர் உதவி மையத்தை நீங்களே அழைத்துப் பேசிச் சரிபார்த்த பின்னரே பயன்படுத்துங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் செய்தியை நம்பி அனுப்பாதீர்கள்.

திரும்பிச் செல்லும்போது

எஞ்சிய ரூபாயை மீண்டும் அயல்நாட்டு நாணயமாக மாற்ற, முன்பு மாற்றியதற்கான சான்று ரசீதைக் கேட்பார்கள். அதனை மருத்துவ அறிக்கைகளோடு சேர்த்து வைத்தால் தொலையாது. மறுபரிசோதனைக்கு மீண்டும் வரவேண்டியவர்கள் அனைத்தையும் மாற்றத் தேவையில்லை. வானூர்தி நிலையம் வழியே புறப்படுவோர் 25,000 ரூபாய் வரை உடன் எடுத்துச் செல்லலாம். அதில் சில ஆயிரம் ரூபாயை ஓர் உறையிலிட்டு, அடுத்த சந்திப்பு நாள் குறித்த சீட்டோடு வைத்து விடுங்கள். அடுத்த முறை இறங்கும்போது எந்த முகப்பிலும் நிற்கவேண்டியதில்லை.

நினைவில் கொள்க

• வீட்டிலிருந்தே முதல் நாளுக்கான ரூபாயுடன் புறப்படுக.
• இறங்கிய இடத்தில் மாற்ற நேர்ந்தால் ஒரு நாள் தேவையை மட்டும் மாற்றுக.
• "கையில் எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டு விலையை ஒப்பிடுக.
• இயந்திரம் கேட்டால், ரூபாயிலேயே கணக்கிடச் சொல்க.
• ஒவ்வொரு மாற்றத்திற்கும் ரசீது பெறுக.
• சிகிச்சைக் கட்டணத்தை வங்கி வழியே அனுப்புக.

நோயாளரை அழைத்து வரும் துணைவரின் கவனம் முழுவதும் நோயாளர்மீது இருக்கவேண்டிய நாள் அது. பணத்தைப் பற்றிய முடிவுகளை முன்னரே எடுத்து வைத்திருந்தால், வானூர்தி நிலையத்தின் கதவு திறந்ததும் சக்கர நாற்காலியை நேரே வண்டியை நோக்கித் தள்ளிச் செல்லலாம்.