கொல்லைக் குளத்தின் நீரும் சுவரும்

வீட்டின் பின்புறத்தே சிறு நீச்சல் குளம் அமைக்க விழைவோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களோடு தொடங்குகின்றனர். ஓடு என்ன நிறம்? எக்கி எத்தனை குதிரைத்திறன்? இரண்டும் கடைசியில் கேட்க வேண்டியவை. அந்தக் குளத்தை நிரப்பப்போகும் நீர் எத்தகையது என்பதே முதல் வினா. நீரின் இயல்பை அறிந்தால் சுவருக்கு எந்தப் பூச்சு, நுண்ணுயிர் கொல்ல எந்த மருந்து, எந்த வடிகட்டி என்பன ஒவ்வொன்றாகத் தெளிந்துவிடும். எக்கியின் அளவோ வெறும் கணக்கால் கிடைப்பது.

ஆறு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் சராசரி 1.2 மீட்டர் ஆழமும் கொண்ட குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 21,600 லிட்டர் கொள்ளும். தமிழ்நாட்டு நகரொன்றின் புறப்பகுதியில் இருப்பதாகவும், ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரம்புவதாகவும் கொள்வோம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும் குளியலறைக் குழாயின் முனையிலும் வெண்பொருக்குப் படியும் வீடுகளை நாம் அறிவோம். அந்தப் பொருக்கு கால்சியம் கார்பனேட்டு. பாத்திரத்தில் அதைச் சுரண்டி எடுத்துவிடலாம். குளத்தின் சுவரிலும் குழாயின் உள்ளும் அது படிந்தால் எளிதில் நீங்காது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஃபிரட் லாங்கிலியர் 1936இல் இதற்கொரு சுட்டெண்ணை வகுத்தார். நகர்க் குழாய்களின் நலத்துக்காக வகுக்கப்பட்ட அது இன்று நீச்சல் குளங்களுக்கும் அளவுகோல். அமில காரச் சுட்டெண்ணான பி.எச், கால்சியத்தின் அளவு, காரத்தன்மை, வெப்பநிலை, கரைந்த உப்புகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, நீர் கால்சியம் கார்பனேட்டால் நிறைவுற்றதா, பசித்திருக்கிறதா என்று அது சொல்லும். நிறைவை மிஞ்சிய நீர் சுவரில் பொருக்கைப் படியவிடும். பசித்த நீர் சுவரின் சிமெண்டிலுள்ள சுண்ணத்தைக் கரைத்துத் தன் பசியைத் தீர்த்துக்கொள்ளும். மழைநீரை மட்டும் கொண்டு நிரப்பிய குளத்தில் வெண்சிமெண்டுப் பூச்சு சொரசொரப்பாகிப் போவது இதனால்தான். கடினமான கிணற்று நீரோடு, முதல் மழையைக் கழித்துச் சேர்த்த கூரைநீரைக் கலந்தால் இரண்டின் குறையும் தணியும். வீடுகளில் மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மாநிலத்தில் இதற்கான வழி கூரையிலிருந்தே இறங்கி வருகிறது.

ஏனைய உப்புகள் பலவற்றுக்கு மாறாக, கால்சியம் கார்பனேட்டு வெந்நீரில் குறைவாகவே கரையும். ஆகவே நம் கோடை பொருக்குக்குத் துணை செய்கிறது. ஆவியாதலும் அவ்வாறே. 18 சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் குறைந்தால் 90 லிட்டர் நீர் போகிறது. அதிலிருந்த கால்சியமோ குளத்திலேயே தங்குகிறது. ஈடுசெய்ய ஊற்றும் நீர் மேலும் கால்சியத்தைக் கொணர்கிறது. அழகுக்காகச் சுவரிலிருந்து விழச் செய்யும் சிற்றருவியும் இதே வேலையைச் செய்வதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சிதறி விழும் நீர் தன்னுள் கரைந்த கார்பன் டை ஆக்சைடைக் காற்றுக்கு இழக்கிறது, பி.எச் உயர்கிறது; சுண்ணம் படிகிறது. குகைகளின் கூரையிலிருந்து சுண்ணக்கல் விழுதுகள் தொங்குவதும் இதே வேதிவினையால்தான். கடினநீர் வீட்டில் அருவி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. போர்வையொன்று வாங்கிக் குளத்தை மூடிவைப்பது அதைவிட நற்செலவு.

இனிப் பூச்சு. வெண்சிமெண்டுப் பூச்சே விலை குறைந்தது. எனினும் சுவரே சுண்ணம் உடையதாதலால் நீரின் ஒவ்வொரு ஏற்றத்தாழ்வுக்கும் அது ஆட்படும். புதிய பூச்சிலிருந்து கசியும் சுண்ணக் காரம் முதல் சில வாரங்களுக்குப் பி.எச்சை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்நாள்களில் அன்றாடம் அளந்து அமிலம் சேர்த்து, சுவரைத் தூரிகையால் தேய்க்க வேண்டும். குவார்ட்சு மணிகள் கலந்த பூச்சு இதைவிட வன்மையுடையது. கண்ணாடிச் சில்லோடு (மொசைக்) நீரை உறிஞ்சாது. குளத்து நீரின் அமிலமோ காரமோ அதைத் தீண்டுவதில்லை. படிந்த பொருக்கையும் அதிலிருந்து துடைத்தெடுப்பது எளிது. அதன் வலுக்குறைவு ஓட்டில் இல்லை, ஓடுகளின் இடைவெளியில் உள்ளது. அங்கே நிரப்பும் சிமெண்டுச் சாந்து மீண்டும் சுண்ணமே. ஆகவே இணைப்புகளை எப்பாக்சியால் நிரப்பக் கேட்பது தகும். விலை கூடினும் சுவரின் ஆயுளை நிர்ணயிப்பது அதுவே. சில்லோடுகள் தாளில் ஒட்டியும் வலையில் ஒட்டியும் வருகின்றன. முகப்பில் தாள் ஒட்டியவற்றில் ஓட்டின் முதுகு முழுவதும் பசையைத் தொடும். வலையில் ஒட்டியவற்றில் வலைப்பசை நீரில் இளகினால் ஓடு பெயரக்கூடும்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீர் சிவப்பொளியைச் சிறிது உட்கொள்ளும். மூலக்கூறுகளின் அதிர்வே அதற்குக் காரணம். ஆகவே வெண்தளத்தின் மேல் நிற்கும் தெளிநீர் தானே இளநீலமாகத் தோன்றும். நீல ஓடு இல்லாமலே நீலம் கிடைக்கும். கரும்பச்சையும் கருநீலமும் ஏரி போன்ற ஆழத்தைக் காட்டுவது மெய்தான். ஆனால் அடியில் கிடக்கும் குழந்தையை அந்த இருள் மறைத்துவிடும். சிறுவர் இருக்கும் வீட்டில் வெளிர்நிறத்தைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கரையோரத்துக்குக் கரிய கடப்பைக் கல்லும் ஆகாது. சித்திரை வெயிலில் அது வெறுங்காலைச் சுடும்.

நுண்ணுயிரைக் கொல்வது குளோரின் அன்று. அது நீரில் ஆகும் ஹைப்போகுளோரசு அமிலம். பி.எச் 7.5 ஆக இருக்கையில் ஏறத்தாழப் பாதி குளோரின் அவ்வடிவில் இருக்கும். 8 ஆக உயர்ந்தால் கால்பங்கே எஞ்சும். போட்ட மருந்து அதே அளவு, வேலையோ பாதி. எனவே 7.2க்கும் 7.6க்கும் இடையே வைத்திருப்பது நன்று. கண்ணை எரிக்கும் நெடியைக் குளோரின் மிகுதியின் அடையாளமாகக் கொள்வது தவறு. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து பிறக்கும் குளோரமைன்களின் நெடி அது. குளிக்குமுன் உடலைக் கழுவிக்கொள்வது மருந்துச் செலவைக் குறைக்கும்.

மருந்தின் வடிவைத் தேர்வதில்தான் கடினநீர் மீண்டும் குறுக்கிடுகிறது. பிளீச்சிங் பவுடரும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் கால்சியத்தையே மேலும் கூட்டும். மெல்லக் கரையும் மாத்திரைகள் சயனூரிக் அமிலத்தை விட்டுச்செல்கின்றன. வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும் குளோரினுக்கு இவ்வமிலம் குடைபோன்றது. லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை நலமே. ஆனால் அது ஆவியாகாது. மாதங்கள் செல்லச் செல்லக் குவிந்து, காக்க வந்த குடையே குளோரினைச் செயலற்றதாக்கும். உப்பிலிருந்து குளோரின் பிறப்பிக்கும் மின்கலமும் விற்கிறது. லிட்டருக்கு 3.5 கிராம் வீதம் நம் குளத்துக்கு 75 கிலோ உப்பு வேண்டும். கடல்நீரின் பத்தில் ஒரு பங்கு உவர்ப்பு. கலத்தின் எதிர்மின் தகட்டருகே காரம் மிகுவதால் கடினநீரில் அங்கேதான் முதலில் பொருக்கு கட்டும். கழிவுநீரைத் தோட்டச் செடிகளுக்கும் விட இயலாது. நம் குளத்துக்கு நான் தேர்வது நீர்மச் சோடியம் ஹைப்போகுளோரைட்டு. லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் உயர்த்த 43 கிராம் குளோரின் போதும். லிட்டருக்கு 100 கிராம் வலிமையுள்ள நீர்மத்தில் அது ஏறத்தாழ 430 மில்லிலிட்டர். வெப்பத்தில் வலிமை குன்றுவதால் சிறு கொள்கலன்களாக வாங்கி நிழலில் வைக்க வேண்டும்.

எக்கிக்கு வருவோம். ஆறு மணி நேரத்தில் குளத்து நீர் முழுவதையும் ஒருமுறை வடிகட்ட மணிக்கு 3.6 கன மீட்டர் ஓட்டம் போதும். ஒரு குதிரைத்திறன் எக்கி மணிக்கு 14 கன மீட்டரும் தள்ளக்கூடும். கிணற்று எக்கிக்கும் குளத்து எக்கிக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. கிணற்று எக்கி நீரை மாடித் தொட்டிக்கு உயர்த்துகிறது. குளத்து எக்கியோ நீரைப் புறப்பட்ட மட்டத்துக்கே திரும்பச் சேர்க்கிறது. அது வெல்ல வேண்டியது உராய்வை மட்டுமே. உராய்வு ஓட்டத்தின் இருமடிக்கும், வேண்டும் ஆற்றல்வீதம் மும்மடிக்கும் நேர்விகிதமாகும். வேகத்தைப் பாதியாக்கினால் திறன் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகும்; இருமடங்கு நேரம் ஓட்டினும் மின்செலவு நான்கில் ஒரு பங்கே. வேகம் மாற்றும் எக்கியின் விலை இக்கணக்கில் திரும்பிவிடுகிறது. குழாயை ஐம்பது மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறையாமல் போட்டால் உராய்வு இன்னும் தணியும்.

மெதுவாக ஓடும் நீரே நன்றாக வடியும். அரை மீட்டர் விட்டமுள்ள மணல் வடிகட்டிக்கு மேற்சொன்ன 3.6 கன மீட்டர் ஓட்டம் மிக மென்மையானது. ஆனால் சேர்ந்த அழுக்கை நீக்க நீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலையே தூக்க வேண்டும்; அதற்கு மணிக்கு எட்டு கன மீட்டர் அளவு தேவை. மூன்று நிமிடக் கழுவலில் 400 லிட்டர் போகும். லாரி நீரை விலைக்கு வாங்கும் தெருவில் இதை ஏற்க மனம் வராது. அங்கே மடிப்புத்தாள் உருளை வடிகட்டியே சிறந்தது. மணலைவிட நுண்ணிய துகளையும் பிடிக்கும், குழாய்நீரில் அலசினால் போதும்.

அடித்தள வடிகால் ஒன்றே இருக்க விடலாகாது. இருபது சென்டிமீட்டர் வட்டத்தை உடல் அடைத்து, எக்கி அரை வளிமண்டல உறிஞ்சலை உண்டாக்கினால், 150 கிலோவுக்கு மேற்பட்ட விசை உடலைப் பற்றும். அமெரிக்காவில் 2002இல் வெந்நீர்த் தொட்டியின் வடிகாலில் சிக்கி ஏழு அகவைச் சிறுமி இறந்தாள்; 2007இல் அவள் பெயராலேயே வடிகால் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு வடிகால்களை ஒரே குழாயில் இணைத்து, புடைத்த மூடிகளை இட்டால் ஒன்று அடைபட்டாலும் மற்றது திறந்திருக்கும். விளக்குகள் 12 வோல்ட்டுக்கு மேற்படாதிருக்கட்டும்.

ஓடு பதிக்குமுன், கசிவு உண்டா என்று அறியத் தொட்டியை நிரப்பி ஒரு வாரம் காக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறும் கடற்கரை ஊர்களில் வெற்றுத் தொட்டியை விட்டுவைப்பது இடர். வெளிநீர் அதைக் கீழிருந்து தூக்கும், கண்ணாடியிழைத் தொட்டியெனில் மிதந்தே எழும். ஆகவே இச்சோதனையைக் கோடையில் செய்வது நன்று. கோடையில் மட்டம் தானாகவும் குறையுமாதலால் கசிவை அறியப் பழைய வழியொன்று உண்டு. படிக்கட்டின் மேற்படியில் ஒரு வாளியை வைத்து, குளத்தின் மட்டத்துக்கே அதில் நீர் ஊற்றி, இரண்டின் மட்டத்தையும் கோடிட்டு வைக்க வேண்டும். மறுநாள் காலை வாளியிலும் குளத்திலும் நீர் ஒரே அளவு இறங்கியிருந்தால் கொத்தனாரை ஓடு பதிக்க அழைக்கலாம்.